ஆறாங்கட்டை வையாபுரி

3 மே 2014, சனி

காலை முழுவதும் நினைவுக்கூடத்தைத் துடைத்தேன். அடுத்த சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன நம் தோட்டத்து ஆட்களைப் பற்றிய ஆவணப்படம். இயக்குநர் ஒரு பெண், பெயர் சியாமளா. தொலைபேசியில் நிறையக் கேட்டாள், குறைவாகப் பேசினாள். பிடித்திருந்தது.

நினைவுக்கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தெலுக் இந்தான் கடைத்தெருவில் ஒரு முடிதிருத்தும் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள். பதினோரு வருடமாக நடத்துகிறேன். தண்ணீர் இலாகாவில் முப்பது வருடம் மீட்டர் படித்தவன் நான். மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் யாராவது “எங்க ஐயா சயாமுக்குப் போனவரு” என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவேன். அப்படிச் சேர்ந்தவைதான் இங்கே இருக்கிற தகரக் குவளை, தண்டவாள ஆணி, சாக்கில் தைத்த கால்சட்டை எல்லாம்.

நடு அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அப்பாவின் தகடு. முகாமில் கழுத்தில் கட்டியிருந்தது. கீழே நான் எழுதிய அட்டை: வையாபுரி, ஆறாங்கட்டைத் தோட்டம், பீடோர். முகாம் சமையல்காரர். உயிரோடு திரும்பியவர்.

அப்பாவுக்கு அடையாள அட்டைப்படி தொண்ணூற்றேழு வயது. போன மாதம்கூட டாக்டர், இந்த வயதுக்கு இப்படி ஓர் எலும்பை நான் பார்த்ததில்லை என்றார். இந்த மாவட்டத்தில் சயாமைக் கண்ணால் பார்த்தவர் இனி அவர் ஒருவர்தான்.

மேசை டிராயர்களையும் ஒழுங்கு செய்தேன். கீழ் டிராயரில் இருந்த பழுப்பு உறையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து துணி அலமாரியில் வைத்தேன். படத்துக்குத் தொடர்பில்லாத காகிதம்.

6 மே, செவ்வாய்

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளி நிரம்பி வழிந்து, கீழே முடி வெட்டிக்கொண்டிருந்தவர் தலையில் சொட்டியதாம். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

10 மே, சனி

படப்பிடிப்பு நல்லபடி நடந்தது. சியாமளாவும் ஒளிப்பதிவாளர் ஹாஃபிஸும் எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். அப்பாவைத் தூக்கி மாடியேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரே ஏறினார்.

எப்போதும் சொல்வதையே சொன்னார். ஆறாங்கட்டைத் தோட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆளாக லாரியில் ஏற்றியது. ஐந்து நாள் ரயில். பிறகு மழையில் நடை. அடுப்படியில் வேலை கிடைத்ததால் தப்பித்தது. அப்புறம் சடையன் கதை. சடையன் பதினெட்டு வயதுப் பையன், நாதியற்றவன். மண் வெட்டுகிற இடத்தில் முள் கிழித்து, இடது முழங்காலுக்குக் கீழே புண் புரையோடியது. நடக்க முடியாதவர்களை ஒரு கொட்டகையில் போடுவார்கள். அங்கே போனவன் திரும்புவதில்லை. சடையனும் திரும்பவில்லை.

“அவனுக்கு அழக்கூட ஆளில்ல,” என்று சொல்லி அப்பா அழுதார். இந்த இடத்தில் எப்போதும் அழுவார். பள்ளிப் பிள்ளைகள் வந்தாலும் அழுவார். பக்கத்து அறைச் சுவரில், இறந்தவர்கள் பட்டியலில், சடையன் பெயரை முதலில் எழுதச் சொன்னதும் அவர்தான்.

சாப்பாட்டு வேளையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். சியாமளா என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, தாத்தாவுக்கு இடது கால்ல அது என்ன தழும்பு? பெருசா இருக்கே.”

“தோட்டத்துல ஏதோ கிழிச்சிருக்கும். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு யாருக்குத்தான் தழும்பில்ல?”

அவள் தலையாட்டினாள். குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினாள். நான் கேட்கவில்லை.

11 மே, ஞாயிறு

நேற்று முழுக்க ஏன் சிடுசிடு என்று இருந்தீர்கள் என்று இந்திராணி கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவளுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு.

17 மே, சனி

இன்று வந்தவர்கள் ஐந்து பேர். மலாக்காவிலிருந்து ஒரு குடும்பம், நான்கு பேர். பிறகு தனியாக ஓர் அம்மா. எழுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு பை பீடோர் கொய்யா. நேராக நடு அறைக்குப் போய் அப்பாவின் அட்டையைப் படித்தார். பக்கத்தில் மாட்டியிருக்கும் அப்பாவின் பழைய படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இவரு இருக்காரா?”

“இருக்காருங்க. உடம்பு முடியாது. யாரையும் பாக்கறதில்ல.”

“என் பேரு பூங்காவனம். மூணு வருசத்துக்கு முன்ன இங்க ஒரு கடிதாசி போட்டேன். வந்துச்சா?”

“வரலீங்களே,” என்றேன்.

தபாலில் எவ்வளவோ தொலைகிறது.

அவர் இன்னும் ஒரு முறை படத்தைப் பார்த்தார். “எங்கம்மா சொன்ன சாடையே இல்ல. எங்கப்பாவுக்கு முன்பல்லு ஒன்னு பாதி ஒடஞ்சிருக்கும்னு சொல்லும்.”

படத்தில் அப்பா வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வருகைப் புத்தகத்தில் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் எழுதினார். கொய்யாப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, மறந்துவிட்டீர்கள் என்று நான் கூப்பிடுவதற்குள் இறங்கிப் போய்விட்டார். புத்தகத்தில் அவர் எழுதியிருந்தது: பூங்காவனம் த/பெ வையாபுரி.

வையாபுரி என்ற பெயர் அந்தக் காலத்தில் நிறையப் பேருக்கு உண்டு.

19 மே, திங்கள்

பின்பக்கக் கதவுச் சட்டத்தில் கரையான். மருந்து அடித்தேன். கொய்யாவை முடிதிருத்துபவரிடம் கொடுத்தேன். இந்திராணிக்குத் தெரிந்தால் யார் கொடுத்தது என்று கேட்பாள்.

24 மே, சனி

சியாமளா மறுபடி வந்தாள், பொருள்களை மட்டும் படம் எடுக்க. ஹாஃபிஸ் விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது வருகைப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள்.

“ஐயா, இவங்க யாரு? உங்க அக்காவா?”

“எனக்கு அக்கா யாரும் இல்ல.”

“அப்பா பேரும் ஒன்னா இருக்கு. ஊரும் பீடோர்னு போட்டிருக்காங்க. நான் பேசிப் பாக்கட்டுமா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் எடுக்க வந்தது ரயில் பாதைப் படம், குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கிற படமில்லை என்றேன். அப்படித்தான் எடுப்பீர்கள் என்றால் இதுவரை எடுத்ததையும் போட வேண்டாம் என்றேன். ஹாஃபிஸ் விளக்கை அணைத்தார்.

சியாமளா குரலை உயர்த்தவில்லை. “உங்க அனுமதி இல்லாம எதையும் போட மாட்டேன் ஐயா. ஆனா தாத்தா சொன்னத நான் மூணு தடவ போட்டுப் பாத்தேன். சடையன் செத்தத அவ்வளவு வெவரமாச் சொல்றாரு. புண்ணு எப்படி நாறுச்சு, எந்தப் பக்கம் படுத்தா வலிக்கும், எல்லாம். அடுப்படியப் பத்திக் கேட்டா ரெண்டே வரி. சமையல்காரரு தன் அடுப்ப மறப்பாரா?”

வயதாகிவிட்டது, மறக்கத்தான் செய்யும் என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அப்பா அரிசி களைந்துகூட நான் பார்த்ததில்லை. அம்மா காய்ச்சலில் படுத்தபோது கடையில்தான் வாங்கி வருவார்.

27 மே, செவ்வாய்

இந்திராணி அலமாரியில் போர்வை தேடும்போது உறையைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது கடிதம் கட்டில்மேல் விரித்தபடி இருந்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் எழுதவில்லை.

“ஐயா, உங்கள் நினைவுக்கூடத்தைப் பற்றிப் பேப்பரில் படித்தேன். ஆறாங்கட்டைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன வையாபுரி என்றால் அவர் என் அப்பா. அவர் திரும்பி வந்ததும், தோட்டத்து வாசல்வரை வந்து எங்களைப் பார்க்காமல் போனதும் எங்களுக்குத் தெரியும். நான் எதையும் கேட்டு வரமாட்டேன். அவருக்கு வேறு குடும்பம் இருப்பது சந்தோஷம். என் அம்மா ராமாயி 1987இல் இறந்துவிட்டார். கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பூங்காவனம்.”

“மூணு வருசமா வச்சிருக்கீங்க,” என்றாள் இந்திராணி.

“என்ன செய்யச் சொல்ற? அப்பாகிட்டப் போயி, நீங்க பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு ஓடி வந்தவரான்னு கேக்கவா? அப்ப எங்கம்மா யாரு? நான் யாரு?”

“ஊருக்கெல்லாம் உண்மையச் சொல்றேன்னு மாடியில கட வச்சிருக்கீங்க. வீட்டுல ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?”

 பள்ளிப் பிள்ளைகளிடம் அப்பாவைக் காட்டி, இவர் ஓர் உண்மையான வீரர் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த உறை கீழ் டிராயரில்தான் இருந்தது.

31 மே, சனி

மத்தியானம் இந்திராணி தன் தங்கை வீட்டுக்குப் போனாள். வேண்டுமென்றே போனாள் என்று நினைக்கிறேன். அப்பா சமையலறையில் செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லிப் படித்தேன். மூன்று வருடம் முன்பு வந்தது என்பதைச் சொல்லவில்லை.

அப்பா கிள்ளிக்கொண்டே கேட்டார். தாலி என்ற சொல் வந்ததும் கை நின்றது.

“அந்தப் புள்ளைக்கு ரெண்டு வயசு அப்ப,” என்றார்.

“அவங்க உங்க பொண்டாட்டியாப்பா?”

“இல்லடா. வையாபுரி பொண்டாட்டி.”

“நீங்கதானே வையாபுரி.”

“நான் சடையன்.”

நெத்திலியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். ஒலிப்பதிவுக் கருவி இரண்டடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

புண் வந்து கொட்டகைக்குத் தூக்க இருந்தது, சிம்பாங் தோட்டத்திலிருந்து போன அவரைத்தான். வையாபுரி அடுப்படியில் இருந்த அண்ணன். இருபத்தாறு வயது. காந்தல் சோற்றை இலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்து, தினமும் வெந்நீர் ஊற்றிப் புண்ணைக் கழுவுவார். ஆடி மாதம், அமாவாசைக்கு முந்தின நாள், வையாபுரிக்குக் காலரா கண்டது. காலையில் கண்டு சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

“அவரே தகட்ட அவுத்து எங் கழுத்துல கட்டுனாரு. முடிச்சு விழல. நாலு தடவ கட்டுனாரு. 'தம்பி, நாளைக்கு அடுப்படிக்குப் போயிரு. பேரு கேட்டா எம் பேரச் சொல்லு. மண்ணு வெட்டப் போவாத, செத்துருவ'ன்னாரு. அப்புறம், 'ஊருக்குப் போனா எங்க வீட்டுல போயிச் சொல்லிரு'ன்னாரு. அவ்வளவுதான்.”

“ஜப்பான்காரனுக்கு வித்தியாசம் தெரியலியா?”

“அவனுக்கு நம்ம மொகம் எதுக்கு? நம்பர்தான் கணக்கு. என் தகட்ட அவரு மேல போட்டேன். சடையன் செத்துட்டான்னு எழுதிக்கிட்டான்.”

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் கொடுத்த காகிதத்திலும் வையாபுரி என்றே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பா நேராக ஆறாங்கட்டைத் தோட்டத்துக்குத்தான் போயிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி புது ஆள். காகிதத்தை வாங்கிப் படித்ததும் வெளியே ஓடி, “ராமாயி! ஒம் புருசன் வந்துட்டான்!” என்று கத்தியிருக்கிறார்.

“ரப்பர் பால் வாளியப் போட்டுட்டு அந்தம்மா ஓடியாருது. பின்னாலயே புள்ளயும். மொகத்துல சிரிப்பு. அந்த மாதிரி சிரிப்ப நான் பாத்ததே இல்லடா. இன்னும் ஒரு அம்பது அடி. அந்த மொகத்துக்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? இருவத்தோரு வயசு எனக்கு. திரும்பி ரப்பர் மரத்துக்குள்ள ஓடிட்டேன்.”

நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளியதில் இரண்டு வருடம் போயிருக்கிறது. வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலம் வந்தது. எல்லாருக்கும் அடையாள அட்டை எடுத்தார்கள். கையில் இருந்த ஒரே காகிதத்தில் இருந்த பெயரைக் கொடுத்தார். இரண்டு பெயர் உள்ள ஆளைக் காட்டுக்காரன் என்று பிடித்துக்கொண்டு போகிற காலம். பிறகு கல்யாணம். பிறகு நான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். போயிச் சொல்லிட்டு வான்னு சாவுற வரைக்கும் சொன்னா.”

பிறகு மறுபடி நெத்திலியை இழுத்து வைத்துக்கொண்டார். நானும் ஒரு கை எடுத்துக் கிள்ளினேன். இந்திராணி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

1 ஜூன், ஞாயிறு

அப்பா காலையில் வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். அவருக்குத் தொண்ணூற்றேழு இல்லை, எண்பத்தொன்பதுதான் என்று இந்திராணியிடம் சொன்னேன். அதான் இப்படிச் சாப்பிடுகிறார் என்றாள்.

7 ஜூன், சனி

பீடோருக்குப் போனோம். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனையோ முறை இந்த வழியாகப் போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அப்பா காரில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

தொலைபேசியில், அப்பா உங்களைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது தவறு. பூங்காவனம் அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். அப்பா காரிலிருந்து இறங்கினார். நான் அவர் முழங்கையைப் பிடித்திருந்தேன். ஒரு கணம் பின்னால் இழுப்பதுபோல் இருந்தது. பிறகு நின்றார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். “நீங்க எங்கப்பா இல்ல.”

“இல்லம்மா,” என்றார் அப்பா. “உங்கப்பா அங்கயே போயிட்டாரு. நாப்பத்திமூணாவது வருசம், ஆடி மாசம். நான் பக்கத்துல இருந்தேன்.”

கூடத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிட ஒழுங்காகச் சொன்னார். ஓடிப்போனதையும் மறைக்கவில்லை. அக்கா இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாரா?”

“பானைய வழிக்கறப்பல்லாம் சொல்லுவாரும்மா. 'பூவு இருந்தா இந்தக் காந்தலுக்கு அழுவா'ம்பாரு. அதத்தான் எனக்குக் கொடுப்பாரு.”

அக்கா எழுந்து உள்ளே போனார். குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். உட்காரவில்லை.

“ஒரு வார்த்த. செத்துட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கம்மா அழுது முடிச்சிருக்கும். நாப்பத்தோரு வருசம் அழுவல அது. திட்டிக்கிட்டே இருந்துச்சு. அது திட்டுறதக் கேட்டுக் கேட்டு நானும் திட்டுனேன். எப்பேர்ப்பட்ட மனுசன நாங்க திட்டியிருக்கோம்!”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தோம்.

புறப்படும்போது அப்பாவைக் காரில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

“அக்கா, அந்தக் கடிதாசி வந்துச்சு. நாந்தான் எடுத்து வச்சிருந்தேன்.”

“தெரியும் தம்பி. 'வரல'ன்னு சொன்னப்ப நீங்க மேச டிராயரத்தான் பாத்தீங்க.” கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இந்த மூணு வருசத்துல அவரு போயிருந்தா?”

 அவர் கேட்டைச் சாத்தினார்.

14 ஜூன், சனி

அப்பா கேமரா முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். அவரே சியாமளாவைக் கூப்பிடச் சொன்னார். நான் அவளிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேசி முடித்ததும் சியாமளா, “முன்ன எடுத்ததையும் வச்சிக்கலாமா தாத்தா? சடையன் செத்துட்டான்னு சொன்னது?” என்று கேட்டாள்.

“வச்சிக்கம்மா. பொய் சொன்னதும் தெரியட்டும்.”

“பூங்காவனம் அம்மா வேணாம்னு சொன்னா எதையும் போட மாட்டேன்.”

“அதான் சரி.”

சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் அட்டையை எடுத்தேன். பதினோரு வருடம் வெயில் படாத இடத்தில், அடியில் விரித்திருந்த துணி வேறு நிறத்தில் இருந்தது. பிறகு பக்கத்து அறைக்குப் போய், பட்டியலில் முதல் பெயரின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினேன்.

21 ஜூன், சனி

புதிய அட்டைக்கு நான்கு முறை எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அக்காவிடமிருந்து தகவல் இல்லை.

28 ஜூன், சனி

தகவல் இல்லை. தொலைக்காட்சியில், மார்ச்சில் பயணிகளோடு காணாமல்போன அந்த விமானத்தை இன்னும் கடலில் தேடுகிறார்கள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். “பாவம், அந்தப் பொண்டாட்டிங்க,” என்றார்.

10 ஜூலை, வியாழன்

அக்கா பேசினார். எடுத்தவுடனே விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, இருவத்தாறாம் தேதி ஆடி அமாவாச. எங்கப்பாவுக்கு ஒரு தடவகூட யாரும் தண்ணி விட்டதில்ல. எனக்கு அண்ணந்தம்பி கெடையாது. உங்க ஐசி அட்டையிலயும் எங்கப்பா பேருதானே இருக்கு? நீங்க வந்து செய்வீங்களா?”

செய்கிறேன் அக்கா என்றேன். படத்தைப் பற்றியும் கேட்டேன். போடட்டும், எங்கம்மாவைத் தெரிந்தவர்கள் இன்னும் நாலு பேராவது இருக்கிறார்கள், அவர்கள் பார்க்க வேண்டும் என்றார்.

அப்பா உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயரை என் பெயருக்குப் பின்னால் எழுதும்போதெல்லாம் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன் — தணிகாசலம் த/பெ வையாபுரி. இன்று மின்சாரக் கட்டணப் படிவத்தில் எழுதினேன்.

26 ஜூலை, சனி. ஆடி அமாவாசை

காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் இருந்தோம். நல்ல கூட்டம். அக்கா பீடோரிலிருந்து பேரனுடன் காரில் வந்திருந்தார். கையில் எள்ளும் வாழை இலையும். சியாமளாவும் ஹாஃபிஸும் தள்ளி நின்றார்கள். ஹாஃபிஸுக்கு நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் கேமராவைத் தோளில் வைத்திருந்தார். பிரசாதத்தை அக்கா நீட்டியபோது, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று பையில் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரமாக நான் தயாராகியிருந்தேன். மூன்று தலைமுறைப் பெயரை அக்காவிடம் கேட்டு எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். குளித்து, ஈர வேட்டியுடன் உட்கார்ந்தேன். ஐயர் தர்ப்பையை எடுத்தார்.

“யாருக்குக் கொடுக்கறீங்க?”

“அப்பாவுக்கு. வையாபுரி.”

“பின்னால நிக்கிறது யாரு?”

“எங்கப்பா,” என்றேன். வாய் தவறி அல்ல. வேறு என்ன சொல்வது?

ஐயர் தர்ப்பையைக் கீழே வைத்தார். “அப்பா இருக்கறச்ச புள்ள தர்ப்பணம் பண்ணக்கூடாதுங்க. எழுந்திரிங்க.”

அக்காவும் நானும் மாறி மாறி விளக்கினோம். அவருக்குப் புரியவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவர் சலித்துக்கொண்டார். அப்போது அப்பா சட்டையைக் கழற்றி இந்திராணியிடம் கொடுத்தார்.

“நான் கொடுக்கறேன் சாமி. தள்ளுடா.”

“நீங்க அவருக்கு என்ன ஒறவு?”

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா அப்பாவைப் பார்க்கவில்லை. ஐயரைப் பார்த்துச் சொன்னார். “தம்பி. எங்கப்பாவுக்குத் தம்பி.”

“ஒங்க பேரு?”

“சடையன்.”

குரல் சரியாக வரவில்லை. ஐயர் மறுபடி கேட்டார். இரண்டாவது முறை உரக்கச் சொன்னார்.

அப்பாவால் சம்மணம் போட முடியாது. படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். இடது காலின் தழும்பு ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. நான் பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். ஐயர் சொல்லச் சொல்ல அவர் எள்ளும் தண்ணீரும் விட்டார். முப்பாட்டன் பெயர் தெரியாமல் விழித்தபோது நான் காதருகில் சொன்னேன். மனப்பாடம் வீண்போகவில்லை.

நான் செய்யவில்லையே என்று முதலில் மனதுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு அப்பாவின் தோள் என் கைக்குள் குலுங்குவதைக் கவனித்தேன். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அழுவாரே, அந்த அழுகையில் சத்தம் இருக்கும். இதில் இல்லை.

எல்லாம் முடிந்ததும் அக்கா மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். அம்மாவோடு சேர்த்துப் புதைக்காமல் வைத்திருந்த தாலிக் கயிறு. ஆற்றில் விட்டார். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் உடனே மறைந்துவிட்டது.

2 ஆகஸ்ட், சனி

புதிய அட்டை எழுதி முடித்தேன். பதினொன்றாவது முறை.

“இந்தத் தகடு ஆறாங்கட்டைத் தோட்டத்து வையாபுரியுடையது. 1943 ஆடி மாதம், சாகும் தறுவாயில், சிம்பாங் தோட்டத்துச் சடையன் பிழைக்க வேண்டும் என்று அவன் கழுத்தில் இதைக் கட்டினார். சடையன் பிழைத்தார். வையாபுரிக்கு ராமாயி என்ற மனைவியும் பூங்காவனம் என்ற மகளும் இருந்தார்கள். இந்த நினைவுக்கூடம் பதினோரு ஆண்டுகள் இதைத் தவறாகச் சொல்லிவந்தது.”

கடைசி வரி வேண்டுமா என்று இந்திராணி கேட்டாள். வேண்டும் என்றேன். பட்டியலிலும் வெள்ளைத் தாளை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றி எழுதினேன்.

16 ஆகஸ்ட், சனி

இன்று படத்தை முதன்முதலாக நம் மாடியில்தான் போட வேண்டும் என்று சியாமளா பிடிவாதமாக இருந்தாள். கோயிலிலிருந்து நாற்பது நாற்காலி வாங்கி வந்தேன். அறுபது பேர் வந்துவிட்டார்கள். முடிதிருத்துபவர் கடையைச் சாத்திவிட்டுத் தன் சுழல் நாற்காலிகளைக்கூடத் தூக்கி வந்தார். ஆறாங்கட்டைத் தோட்டத்தில் இருந்தவர்கள் பீடோரிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். அதில் ஒரு பாட்டி, ராமாயியோடு பால் வெட்டியவராம்.

படம் நாற்பத்தெட்டு நிமிடம். சடையன் செத்துப்போனான் என்று அப்பா அழும் இடமும் இருக்கிறது. சிறிது நேரத்தில், நான்தான் சடையன் என்று சொல்லும் இடமும் இருக்கிறது. அந்த இடத்தில் ராமாயியின் தோழி, “அடப் பாவி மனுசா,” என்று உரக்கச் சொன்னார். பிறகு, “அவ புருசன் அவள விட்டுப் போவல,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு அதையே திரும்பவும் சொன்னார்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பாவிடம் எல்லாரும் பேச விரும்பினார்கள், எப்படிக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 'வையாபுரி ஐயா' என்று ஆரம்பித்து ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா ஜன்னல் ஓரமாகப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார்.

பின் அறையில் இந்திராணியும் அக்காவும் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் கரண்டியோடு அக்கா வாசலில் வந்து நின்றார்.

“சடையன் சித்தப்பா, சாப்புட வாங்க.”

அப்பா திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. நான் எழுந்து தோளைத் தொடப் போனேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“சித்தப்பா! ஒங்களத்தான். சடையன் சித்தப்பா!”

அப்பாவின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தார்.

“தோ, வரேம்மா,” என்றார்.